சிந்தில் டிரான்ஸ் பிளக்: வெறும் அலையிலிருந்து மிக்ஸ் வரை

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குச் சனிக்கிழமை மாலைகளில் மூன்று நான்கு பேர் மடிக்கணினியோடு வருவார்கள். தேசிய சேவை கேம்ப்பிலிருந்து புக் அவுட் ஆகி (விடுப்பில் வெளியே வந்து), பையை வீட்டில் போட்டுவிட்டு நேராக வருகிற பையன்களும் உண்டு. பெரும்பாலோர் முதலில் செய்யக் கேட்பது ஒரே ஒலிதான். டிரான்ஸ் (வேகமான மின்னணு நடன இசை) பாட்டின் நடுவில் டிரம்ஸ் ஓய்ந்ததும் தனியாகத் துள்ளிக்கொண்டு வருமே, அந்த பிளக், மீட்டிய தந்திபோல் சட்டென்று எழுந்து அடங்குகிற ஒலி.

எல்லோரும் இடறுவதும் ஒரே இடத்தில். யூனிசனை (ஒரே சுரத்தைப் பல குரல்களாக அடுக்குவது) ஏற்றுவார்கள், ரிவர்ப்பை (அறையின் எதிரொலிப்பு) கொட்டுவார்கள், அப்புறம் "ஏன் அண்ணே, துள்ளவே மாட்டேங்குது?" என்பார்கள். துள்ளலைத் தருவது ரிவர்ப் இல்லை. ஃபில்டர், அதாவது ஒலியின் ஒரு பகுதியை வெட்டும் வடிகட்டி, எவ்வளவு வேகமாக மூடுகிறது என்பதுதான் அதைத் தருகிறது. அதைச் சரிசெய்யும்வரை வேறு எதையும் தொடக் கூடாது. கீழே உள்ள வரிசை அதற்காகவே.

1. தொடங்குமுன்

சிந்துக்கு (சிந்தசைசர், ஒலியை உருவாக்கும் மென்பொருள்) பணம் செலவழிக்க வேண்டாம். வைட்டல் இலவசப் பதிப்பாகக் கிடைக்கிறது. சர்ஜ் எக்ஸ்டி முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள். நான் இங்கே வைட்டலை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆனால் இரண்டு ஆஸிலேட்டர் (அலையை உருவாக்குவது), ஒரு லோ பாஸ் ஃபில்டர் (மேல் ஒலியை வெட்டிக் கீழ் ஒலியை விடுவது), இரண்டு என்வலப் (நேரத்தோடு ஓர் அளவை ஏற்றி இறக்குவது) இருக்கிற எந்தச் சிந்திலும் இதே படிகள் செல்லும்.

ஹெட்ஃபோன் கட்டாயம். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிற புளோக்கில் இரவு ஸ்பீக்கரில் வேலை செய்ய முடியாது என்பது ஒரு காரணம். மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஒலி கேட்காது என்பது அதைவிடப் பெரிய காரணம். கேட்காத இடத்தை நிரப்ப நினைத்து எல்லோரும் அங்கே அளவுக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். புளூடூத் ஹெட்ஃபோனைத் தவிருங்கள். விசையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையில் தாமதம் இருந்தால், அட்டாக், அதாவது ஒலியின் தொடக்கம், கூர்மையாக இருக்கிறதா என்று கீபோர்டில் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது.

ப்ரீசெட் (முன்பே சேமித்த ஒலி அமைப்பு) எதையும் திறக்காமல், சிந்தை அதன் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள். வைட்டலில் மெனுவிலேயே அதற்கான கட்டளை இருக்கிறது. வேறொருவரின் ப்ரீசெட்டைத் திருத்தப் போனால், எங்கோ ஒளிந்திருக்கிற ஓர் எல்எஃப்ஓ (அளவுகளைத் தானாக அசைக்கும் மெதுவான அலை) உங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் குழப்பும்.

2. முதலில் சுரங்களை எழுதுங்கள்

ஒற்றை விசையை அழுத்திக்கொண்டே ஒலியைச் செதுக்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. பிளக் என்பது தனி ஒலி அல்ல, ஓட்டத்தில் கேட்கிற ஒலி. ஓட்டம் இல்லாமல் டிகே (உச்சத்திலிருந்து இறங்கும் நேரம்) எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்யவே முடியாது.

வேகத்தை 138 பிபிஎம் (நிமிடத்துக்கு 138 பீட்) என்று வையுங்கள். ஏ மைனரில் நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு பீட்), பாருக்கு ஒரு கார்டு: ஏ மைனர், எஃப், சி, ஜி. (கர்நாடக இசை படித்தவர்களுக்கு இது நடபைரவியின் சுரங்கள்.) ஒவ்வொரு பாரிலும் பதினாறு பதினாறாம் பங்குச் சுரங்கள். அவற்றை நான்கு நான்காகப் பிரிக்காமல், தகிட தகிட தகிட தகிட தகதிமி என்று வாயால் சொல்லிக்கொண்டு எழுதுங்கள். மூன்றெழுத்து நான்கு தடவை, அப்புறம் நான்கெழுத்து ஒரு தடவை, மொத்தம் பதினாறு. டிரான்ஸ் பிளக் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போவதுபோல் இருப்பதற்கு இந்தப் பிரிப்பு பெரிய காரணம். கிக் டிரம் நான்கு நான்காக அடிக்கும்போது பிளக் மூன்று மூன்றாக நகர்ந்து, பாரின் முடிவில் இரண்டும் சேர்கின்றன.

முதல் பாரில் ஒவ்வொரு தகிடவுக்கும் ஈ, சி, ஏ என்று மேலிருந்து கீழே இறங்குங்கள். கடைசித் தகதிமிக்கு ஈ, சி, ஏ, சி. மற்ற பார்களில் அந்தந்தக் கார்டின் சுரங்களை இதே வடிவில் போடுங்கள். நடு ஆக்டேவும் அதற்கு அடுத்ததும் போதும்.

ஒவ்வொரு தகிடவின் முதல் எழுத்துக்கும் வெலாசிட்டி (விசையைத் தட்டும் வலு) 110, மற்றவற்றுக்கு 75. இப்போது இதனால் பெரிய வித்தியாசம் கேட்காது. ஆறாவது படியில் இதுவே உயிர் கொடுக்கும்.

3. ஆஸிலேட்டர்: ஒரே ஒரு ரம்ப அலை

முதல் ஆஸிலேட்டரில் ரம்ப அலை, அதாவது சா வேவ். யூனிசன் ஒன்று. இரண்டாம் ஆஸிலேட்டர் இப்போதைக்கு அணைந்தே இருக்கட்டும்.

ரம்ப அலையில் எல்லா ஹார்மோனிக்கும் (அடிச்சுரத்தின் மடங்குகளாக வரும் மேல் ஒலிகள்) இருக்கின்றன. இரண்டாவது பாதி அளவில், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு அளவில் என்று இறங்கிக்கொண்டே போகும். ஃபில்டர் வெட்டுவதற்கு நிறைய இருந்தால்தான் அது மூடும்போது ஏதோ நடப்பது காதில் விழும். சைன் அலையைப் போட்டுவிட்டு ஃபில்டரை அசைத்தால் ஒலி கூடிக் குறைவதைத் தவிர ஒன்றும் நடக்காது.

ஃபேஸ் அமைப்பையும் இப்போதே பாருங்கள். வைட்டலில் ஒவ்வொரு சுரமும் அலையின் ஏதோ ஒரு புள்ளியில் தொடங்கும்படி அது முழுக்கத் தற்செயலாக விடப்பட்டிருக்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு சுரமும் ஒரே புள்ளியில் தொடங்கினால் ஒவ்வொரு தட்டும் ஒரே மாதிரி விழும், நீங்கள் செய்யும் மாற்றத்தின் விளைவும் தெளிவாகக் கேட்கும்.

4. ஃபில்டரை மூடுங்கள்

லோ பாஸ், 24 டெசிபல் சரிவு. 12 டெசிபல் சரிவும் வேலை செய்யும். ஆனால் அதில் மேல் ஒலி நிறையக் கசிவதால், மூடினாலும் மூடியதுபோல் இருக்காது. முதல் தடவைக்கு 24 வையுங்கள்.

கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) 250 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்குங்கள். உங்கள் சிந்த் ஹெர்ட்ஸில் காட்டாமல் செமிடோனில் காட்டினால், எண்ணைத் தேடாமல் காதால் போங்கள். தலையணைக்கு அடியில் யாரோ வாசிப்பதுபோல் மங்கியதும் நிறுத்துங்கள். ரெசனன்ஸ் (வெட்டும் இடத்து ஒலியைத் தூக்கிக் காட்டுவது) 15 சதவீதம் வரை. அதற்கு மேல் போனால் ஃபில்டர் மூடும்போது 'டியூங்' என்று ஒரு தனிச் சத்தம் சரிந்து வரும். சிலருக்கு அது பிடிக்கும், ஆனால் கார்டு மாறும்போது பாட்டின் சுருதியோடு சண்டை போடும்.

ஃபில்டரைத் திருகியும் ஒன்றுமே மாறவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஃபில்டர் இயக்கப்பட்டிருக்கிறதா? ஆஸிலேட்டர் அந்த ஃபில்டருக்குத்தான் போகிறதா? போன மாதம் ஒரு பையன் இரண்டாம் ஆஸிலேட்டர் வேறு பாதையில் போவதைக் கவனிக்காமல், முழு மாலையும் ஃபில்டரோடு மல்லுக்கட்டினான்.

5. ஃபில்டர் என்வலப்: இங்கேதான் பிளக் பிறக்கிறது

இதற்கு மட்டும் அவசரப்படாமல் நேரம் கொடுங்கள்.

வீணைத் தந்தியை ஒரு தடவை மீட்டிக் கேளுங்கள். விரல் விட்ட கணத்தில் கூரான ஒலி. அப்புறம் கூர் போய், மழுங்கிய ஒலி மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். தந்தியின் மேல் ஹார்மோனிக்குகள் கீழுள்ளவற்றைவிடச் சீக்கிரம் அடங்கிவிடுகின்றன. சிந்தில் நாம் செய்வதும் அதுதான். தட்டிய கணத்தில் ஃபில்டரைத் திறந்து, உடனே மூடுகிறோம். ஒலியளவை மட்டும் குறைத்தால் தந்தியை யாரோ கையால் அமுக்கியதுபோல் இருக்கும், மீட்டியதுபோல் இருக்காது.

இரண்டாம் என்வலப்பைக் கட்ஆஃபோடு இணையுங்கள். வைட்டலில் அதைப் பிடித்துக் கட்ஆஃப் திருகின் மேல் இழுத்துவிட்டால் போதும். அளவு ஐந்து ஆக்டேவ், அதாவது 60 செமிடோன். 250 ஹெர்ட்ஸிலிருந்து ஐந்து தடவை இரட்டித்தால் 8000 ஹெர்ட்ஸ். பளிச்சென்று திறக்க அது போதும்.

அட்டாக் பூஜ்யம். சஸ்டெய்ன் (விசையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) பூஜ்யம். டிகே? இங்கே கணக்குப் போடுங்கள். 138 பிபிஎம்மில் ஒரு பீட் சுமார் 435 மில்லி விநாடி. பதினாறாம் பங்கு சுமார் 109. டிகேயை 109க்குக் கீழே வைத்தால் அடுத்த சுரம் வருமுன் ஃபில்டர் மூடிவிடும். ஒலி குச்சியால் தட்டியதுபோல் வறண்டு போகும். 400க்கு மேல் வைத்தால் மூடவே நேரம் கிடைக்காது, எல்லாச் சுரமும் ஒரே பளபளப்பில் ஒட்டிக்கொள்ளும். பதினாறாம் பங்கின் இரு மடங்கு, அதாவது 220 அளவில் தொடங்குங்கள். பாட்டை ஓடவிட்டபடியே 150க்கும் 300க்கும் நடுவில் மெதுவாக நகர்த்துங்கள். எங்கேயோ ஓரிடத்தில் கால் தானாகத் தாளம் போடும். அந்த இடத்தில் விடுங்கள்.

டிகேயின் வளைவையும் கவனிக்க வேண்டும். நேர்கோடாக இறங்குகிற டிகே சோம்பலாக இருக்கும். முதலில் செங்குத்தாக விழுந்து, அப்புறம் மெல்லப் படிகிற வளைவுதான் தந்தியின் இயல்பு. வைட்டலில் கோட்டின் நடுவே உள்ள புள்ளியை இழுத்தால் வளைவு மாறும். எண்களை மாற்றாமல் வளைவை மட்டும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், வேறொரு வாத்தியம் ஆகிவிடும்.

அடுத்து ரிலீஸ், அதாவது விசையை விட்ட பிறகு அடங்கும் நேரம். எனக்கே இது பிடிபட வெகுநாள் ஆனது. நாம் எழுதிய சுரம் 109 மில்லி விநாடியில் முடிகிறது. டிகே 220. அப்படியென்றால் டிகே பாதி வழியில் இருக்கும்போதே சுரம் விடப்படுகிறது, மிச்சப் பாதையை ரிலீஸ் எடுத்துக்கொள்கிறது. ரிலீஸ் பூஜ்யத்தில் இருந்தால் அந்தக் கணத்தில் ஃபில்டர் சட்டென்று அறைந்து சாத்தும். டிகேயை எவ்வளவு கூட்டினாலும் வால் நீளாது. "டிகே திருகு வேலையே செய்யலை" என்று சொல்கிறவர்கள் எல்லோருக்கும் காரணம் இதுவே. ரிலீஸை டிகேயின் அளவுக்கே வையுங்கள். அதற்குப் பிறகு சுரத்தின் நீளம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒலி பெரிதாக மாறாது.

இதுவரை ஒலியளவு என்வலப்பைத் தொடவில்லை. வேண்டுமென்றேதான். அது திறந்தே இருந்தால், கேட்கிற மாற்றம் எல்லாம் ஃபில்டரிலிருந்து மட்டும் வருகிறது என்று உறுதியாகத் தெரியும். இப்போது அதற்கு வாருங்கள். வைட்டலில் முதல் என்வலப் இயல்பாகவே ஒலியளவோடு பிணைந்திருக்கும். அட்டாக் பூஜ்யம், தொடக்கத்தில் அசிங்கமான கிளிக் கேட்டால் 1 அல்லது 2 மில்லி விநாடி. டிகே 600, சஸ்டெய்ன் பூஜ்யம், ரிலீஸ் 300. ஃபில்டரின் டிகேயைவிட இது எப்போதும் நீளமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஃபில்டர் மூடி முடிக்குமுன் ஒலியே போய்விடும், இவ்வளவு நேரம் செதுக்கிய வளைவு யார் காதுக்கும் எட்டாது.

6. விரலின் அழுத்தம்

எழுதி வைத்த 110, 75 வெலாசிட்டி இப்போது உதவும். வெலாசிட்டியை ஒலியளவோடு இணைப்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு நிறுத்தாமல் கட்ஆஃபோடும் இணையுங்கள், பத்துப் பன்னிரண்டு செமிடோன் அளவுக்கு. தந்தியை ஓங்கி மீட்டினால் சத்தம் கூடுவதோடு கூர்மையும் கூடும். தகிடவின் முதல் எழுத்து பளிச்சென்றும் மற்ற இரண்டும் சற்று மங்கியும் வரும்போதுதான் அந்த மூன்று மூன்றான நடை வெளியே தெரியும்.

கீ டிராக்கிங்கையும் பாதிக்கு மேல் ஏற்றுங்கள். முழுதாக ஏற்றினால், சுரம் ஓர் ஆக்டேவ் ஏறும்போது கட்ஆஃபும் ஓர் ஆக்டேவ் ஏறும். இது இல்லாவிட்டால் மேல் ஆக்டேவின் சுரங்கள் மெலிந்து போகும். 880 ஹெர்ட்ஸில் ஒலிக்கிற சுரத்துக்கு, 250க்கு இறங்கிவிட்ட ஃபில்டர் அதன் அடிச்சுரத்தையே வெட்டிவிடுகிறது.

7. இப்போதுதான் யூனிசன்

இதுவரை வந்த ஒலி மெல்லியதாக, ஆனால் துள்ளலோடு இருக்க வேண்டும். துள்ளல் இல்லையென்றால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். யூனிசன் அதைச் சரிசெய்யாது, மூடி மறைக்கும்.

குரல்களை நான்கு அல்லது ஐந்தாக்குங்கள். ஏழு, ஒன்பது என்று நீண்ட கார்டுகளுக்கு வைப்பதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம். 440 ஹெர்ட்ஸில் இரண்டு குரல்கள் 10 சென்ட் (செமிடோனில் நூறில் ஒன்று ஒரு சென்ட்) விலகியிருந்தால் விநாடிக்குச் சுமார் இரண்டரை தடவை அலையும். அதாவது ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 400 மில்லி விநாடி. நம் சுரமோ அதற்குள் வந்து போய்விடுகிறது. நீண்ட கார்டில் கேட்கிற அந்த மினுமினுப்பு பிளக்கில் வர நேரமே இல்லை. டிட்யூனை, அதாவது இந்த விலகலை, எவ்வளவு கூட்டினாலும் கிடைப்பது சுருதி கலங்கிய ஒலிதான். அதனால் டிட்யூன் சின்னதாக இருக்கட்டும். அகலத்தை ஸ்டீரியோ விரிவால் பெறுங்கள்.

ஃபேஸை இப்போது மறுபடி பாருங்கள். எல்லாக் குரலும் ஒரே புள்ளியில் தொடங்கினால் ஒவ்வொரு தட்டிலும் ஒரு 'ஸ்ஸியூ' கேட்கும். தற்செயல் அளவைக் கால் பங்குக்கு ஏற்றினால் அது போய்விடும், தட்டும் ஓரளவு ஒரே மாதிரி நிற்கும்.

இரண்டாம் ஆஸிலேட்டர் வேண்டுமானால் ஓர் ஆக்டேவ் மேலே சதுர அலை, முதலாவதில் பாதிக்கும் குறைந்த ஒலியளவில். அதையும் அதே ஃபில்டர் வழியே அனுப்புங்கள். இரண்டு ஆஸிலேட்டரிலும் ஏழு குரல் வைத்து எட்டுச் சுரம் ஒரே நேரத்தில் ஒலித்தால், கணினி 112 அலைகளை உருவாக்குகிறது. பழைய மடிக்கணினி திணறுவது அதனால்தான்.

8. டிலே, அப்புறம் ரிவர்ப்

டிரான்ஸ் பிளக்கில் டிலேக்கே (எதிரொலி) முதல் மரியாதை. பெரும்பாலான பாடங்கள் புள்ளி வைத்த எட்டாம் பங்கைப் போடச் சொல்லும். 138இல் அது 326 மில்லி விநாடி, மூன்று பதினாறாம் பங்குகள். அதுவே நம் தகிட! ஆகவே ஒரு தகிடவின் எதிரொலி அடுத்த தகிடவின் அதே சுரத்தின் மேல் சரியாக விழும். ஈ மேல் ஈ, சி மேல் சி. ஒலி தடிக்கும், ஆனால் புதுப் பின்னல் எதுவும் வராது. நான்கு நான்காக எழுதிய பாட்டுக்கு அந்த அளவு அருமை. நம் பாட்டுக்கு நான் இடப்பக்கம் புள்ளி வைத்த எட்டாம் பங்கும், வலப்பக்கம் கால் பங்கும் வைக்கிறேன். இடப்பக்கம் அழுத்தம் கூடும், வலப்பக்கம் ஈ போய் சி மேல் விழுந்து பின்னும். வைட்டலின் டிலேயை ஸ்டீரியோ முறையில் வைத்தால் இருபக்கத்துக்கும் தனித்தனி நேரம் கொடுக்கலாம்.

ஃபீட்பேக் (எதிரொலி மீண்டும் எதிரொலிக்கும் அளவு) 30 சதவீதம். கூடினால் ஏ மைனரின் எதிரொலி எஃப் பாருக்குள் வெகுதூரம் நீளும். டிலேயின் ஃபில்டரில் கீழ் ஒலியை வெட்டிவிடுங்கள், மேலேயும் கொஞ்சம் மழுக்குங்கள். எதிரொலி அசலைவிட மங்கலாக இருந்தால்தான் அசல் முன்னால் நிற்கும்.

ரிவர்ப் டிலேக்குப் பிறகு, இரண்டு மூன்று விநாடி நீளம், கலவை 20 சதவீதத்துக்குள். ப்ரீ டிலே இருந்தால் 20 முதல் 30 மில்லி விநாடி. தட்டின் கூர் முதலில் காதுக்கு வந்து சேரட்டும், அறை அதற்குப் பின்னால் வரட்டும்.

9. மற்ற ஒலிகளோடு

கிக், பேஸ் இரண்டையும் போட்டுவிட்டுக் கேளுங்கள். தனியாகக் கேட்கும்போது கீழே நிறைந்திருப்பது அழகாகத்தான் இருக்கும். சேர்த்துக் கேட்கும்போது அதுதான் சேறாக்கும். ஈக்யூவில் (கீழ், மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். தனியே கேட்டால் மெலிந்ததுபோல் தோன்றும், அதற்காக மனம் மாற வேண்டாம். டிலேயும் ரிவர்ப்பும் கிக் அடிக்கும் கணத்தில் ஒதுங்கும்படி சைட்செயின் கம்ப்ரெஸ்ஸர் போட்டால் இன்னும் தெளியும்.

ஒரு தடவை மோனோவில் (இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து) கேளுங்கள். பிளக் பாதிக்குப் பாதி காணாமல் போனால் ஸ்டீரியோ விரிவு அளவுக்கு மேல் போய்விட்டது. சமூக மன்ற நிகழ்ச்சியில் மேடை ஸ்பீக்கர் மோனோவில் ஓடினால் அங்கே உங்கள் மெலடியே இருக்காது. ஒலியளவின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி இருந்தால் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும்.

10. பாட்டுக்குள் திறந்து மூடுவது

ஒரே அளவில் நான்கு நிமிடம் ஓடுகிற பிளக் யாரையும் அசைக்காது. வைட்டலில் நான்கு மேக்ரோ திருகுகள் உண்டு. ஒன்றை மூன்று இடங்களோடு இணையுங்கள்: கட்ஆஃப், ஃபில்டர் என்வலப்பின் டிகே, அதே என்வலப்பின் ரிலீஸ். திருகு கீழே இருக்கும்போது டிகே 120, மேலே போகும்போது 500. ரிலீஸை மறந்தால் என்ன ஆகும் என்று ஐந்தாம் படியில் பார்த்தோம், இங்கேயும் அதேதான்.

டிரம்ஸ் ஓய்ந்த இடத்தில் திருகைக் கீழே வைத்துத் தொடங்கி, பதினாறு பாருக்கு மெல்ல ஏற்றுங்கள். முதல் எட்டுப் பாரில் பாதிகூட ஏற வேண்டாம். பெரும்பாலோர் நான்காம் பாரிலேயே முழுக்கத் திறந்துவிட்டு, மிச்சத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இரைச்சலைக் கூட்டுகிறார்கள். கடைசி இரண்டு பாருக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். கிக் திரும்பி வருகிற முதல் பீட்டில் திருகை மீண்டும் நடுவுக்கு இறக்கினால் கிக்குக்கு இடம் கிடைக்கும்.

11. சேமிப்பது

ப்ரீசெட்டின் பெயரில் வேகத்தையும் சேர்த்து எழுதுங்கள்: 'பிளக் 138' என்று. டிகே, ரிலீஸ் எல்லாம் அந்த வேகத்துக்குப் போட்ட கணக்கு. அதை 128 பிபிஎம் பாட்டில் திறந்தால் பதினாறாம் பங்கு 117 மில்லி விநாடி ஆகிறது, டிகேயைச் சுமார் 235க்கு நகர்த்தி அங்கிருந்து காதால் தேட வேண்டும். எஃபெக்ட் எதுவும் இல்லாத வறண்ட பிரதி ஒன்றையும் தனியாகச் சேமியுங்கள். அடுத்த பாட்டில் நீங்கள் திறக்கப்போவது பெரும்பாலும் அதைத்தான்.